சாண் வயிறும் பன்னிரண்டு விரலும்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் சாலையில் போனால் சேர்வராயன் மலையின் காலடியில் குப்பனூர் வரும். அங்கிருந்து ஏறும் மலைப்பாதை கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்குப் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன பெரிய பாதையில் மண் சரிந்தால் வண்டிகளை இந்த வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள்.

ஊர்ப் பெயரைப் பிரித்தால் குப்பன், ஊர். குப்பன் என்பது யாரோ இழிவாக வைத்த பெயர் என்று பட்டணத்தில் வளர்ந்தவர்கள் நினைப்பதுண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், பிறகு பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன் என்றோ குப்பம்மா என்றோ கூப்பிட்டார்கள். வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் ஏமாந்து விட்டுவிடுவான் என்பது கணக்கு. பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களுக்குப் பின்னாலும் இதே கதைதான். முன்னால் போன அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று பழைய ஆயாக்களைக் கேட்டால், பாதிக்கு மேல் வயிற்றுக் கோளாறுகளாகத்தான் சொல்வார்கள்: மாந்தம், கழிச்சல், கிராணி. இந்தக் கடைசிச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சுற்றிக்கொண்டு அதனிடம்தான் வரப்போகிறோம்.

நான் தேடப் புறப்பட்டது உடம்புக்குள் இருக்கும் ஓர் இடத்தின் பெயரை. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கீழே சற்று வலப்பக்கமாக, ஆங்கில 'சி' எழுத்தைப்போல் வளைந்து ஒரு குழாய் கிடக்கிறது. நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். பள்ளிப் பாடநூல் அதை டியோடினம் என்கிறது, பக்கத்தில் முன்சிறுகுடல் என்று விளக்கமும் தருகிறது. மருத்துவர் சீட்டில் டியோடினல் அல்சர் என்று எழுதுகிறார். ஊர்ப் பேச்சில் அந்த இடத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. மருந்துக்கடையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"தம்பி, அல்சர் மாத்திர ஒரு அட்ட குடு."

"யாருக்குங்க ஆயா? எங்க வலிக்குது?"

"எனக்குத்தான் சாமி. வவுறுதான், வேற எங்க?"

அந்த 'வவுறு' எவ்வளவு பெரிய இடம் என்று பார்க்க வேண்டும்.

வயிறு என்பது தமிழில் ஓர் உறுப்பின் பெயராக இருந்ததே இல்லை. அது ஒரு வட்டாரம். நெஞ்சுக்குழியில் தொடங்கி இடுப்பெலும்பு வரைக்கும் எல்லாம் வயிறுதான். பசிப்பது அங்கே, பயந்தால் புளியைக் கரைப்பது அங்கே, பிள்ளை சுமப்பதும் அங்கேயே. கர்ப்பிணியை வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்கிறோம். ஒருவன் பிழைப்பைக் கெடுத்தால் வயிற்றில் அடித்தான். சிக்கனமாக வாழ்ந்தவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார். வயிற்றெரிச்சல் என்றால் அது பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டியதால் வருவது, அதற்கு மாத்திரை கிடையாது. உண்மையிலேயே வயிறு எரிகிறவர் அந்தச் சொல்லைத் தவிர்த்து, "வயித்துக்குள்ள எரியுது" என்று பிரித்துச் சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு சொல் உருவகத்துக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டால் நோயாளிக்குக்கூடத் திரும்பக் கிடைப்பதில்லை.

கன்னடத்தில் இதே சொல் 'பசிரு' என்று இருக்கிறது. தமிழில் உயிர், அங்கே உசிர். தமிழில் பெயர், அங்கே ஹெசரு. அந்த வரிசையில்தான் வயிறும் பசிரும். இடையில் வரும் யகரம் அங்கே சகரமாகும், முதலில் வரும் வகரம் பகரமாகும். ஆனால் இன்றைய கன்னடத்தில் பசிரு என்றால் கர்ப்பம். சோறு போகும் வயிற்றுக்கு ஹொட்டெ என்று வேறு சொல் வந்துவிட்டது. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: நம் பேச்சுத் தமிழும் உயிரை உசிராக்குகிறது, மயிரை மசிராக்குகிறது, வயிற்றை மட்டும் வசிறு ஆக்கவில்லை. சேலத்துப் பக்கம் வவுறு, கொங்கில் இன்னும் மேற்கே போனால் வகுறு. ஏன் இது மட்டும் வேறு வழியில் போனது என்று ஒலியியல் படித்த நண்பர்களோடு ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம்.

வட்டாரத்துக்குள் தனி உறுப்பைச் சுட்டும் பழைய சொல் இரைப்பை. இரை என்பது மனிதர் தின்பதற்கு நாம் சொல்கிற சொல் அல்லவே. பாம்பு இரை எடுக்கிறது, பறவை இரை தேடுகிறது, மனிதர் சோறு தின்கிறார். ஆக இந்தப் பெயர் ஆடும் கோழியும் அறுத்தவர்களின் கையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள், உடற்கூறு வகுப்பு இலவசம். ஆட்டின் பெரிய பையைக் கொதிநீரில் முக்கி எடுத்து, கத்தியின் முதுகால் கறுப்புத் தோலைச் சுரண்டுவார்கள். உள்ளே துவாலை போலச் சொரசொரப்பாக வெள்ளையாக வரும். அடுத்த அறையில் அறுகோணக் கட்டங்கள். அதை ஒட்டியிருக்கும் சிறுகுடலை ஒரு குச்சியைக் கொடுத்து உள்வெளியாகப் புரட்டி மஞ்சள் நீரில் அலசுவார்கள். புரட்டும்போது விரலுக்குத் தெரியும்: இரைப்பையை ஒட்டிய பகுதி தடிப்பாக, வழவழப்பாக இருக்கும், போகப்போக மெல்லியதாகும். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஆனால் பெயர் வைக்கத் தேவைப்படவில்லை. எல்லாம் சேர்ந்து குடல், அல்லது போட்டி. கிலோ ஒரே விலை. குடலுக்குக் குடர் என்று இன்னொரு பழைய வடிவம் உண்டு. பந்தல் பந்தர், சாம்பல் சாம்பர் போல, சொல்லின் கடைசியில் லகரமும் ரகரமும் மாறி நிற்கும்.

தடிப்பான அந்த முதல் பகுதிக்கு உலகத்தில் முதலில் பெயர் வைத்தவர் என்று சொல்லப்படுபவர் ஹெரோஃபிலஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த கிரேக்க மருத்துவர். மனித உடலை வெளிப்படையாக அறுத்துப் பார்த்த முதல் சிலருள் ஒருவர். அவர் எழுதிய நூல் எதுவும் இன்று இல்லை. பின்னால் வந்த கேலன் போன்றவர்கள் எடுத்துச் சொன்னதால்தான் தெரிகிறது. இரைப்பையிலிருந்து புறப்படும் குடலை அவர் விரலை அடுக்கி அளந்திருக்கிறார். பன்னிரண்டு விரல் அகலம் வந்தது. 'பன்னிரு விரல் நீட்சி' என்ற பொருளில் டோடெகடாக்டிலோன் என்று பெயர் வைத்தார்.

இந்தப் பெயர் பிறகு போன தூரம் பெரியது. பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்கள் அரபிக்குப் போனபோது 'இத்னா அஷரி' ஆயிற்று, அதாவது பன்னிரண்டைச் சேர்ந்தது. இப்னு சீனா 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய மருத்துவச் சட்டம் என்ற பெருநூலை 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேடோவில் இருந்து லத்தீனாக்கிய கிரெமோனா ஊர் ஜெரார்டின் வழியாக 'டுவோடெனம்' வந்தது என்பார்கள். பன்னிரண்டு நின்றது, விரல் உதிர்ந்தது. பன்னிரண்டு என்ன என்று கேட்டால் அந்தச் சொல்லுக்கே பதில் தெரியாது. ஜெர்மானியரும் ரஷ்யரும் விரலை விடாமல் சேர்த்தே மொழிபெயர்த்தார்கள். டச்சு நூல்களின் வழியாக மேலை உடற்கூறு கற்ற ஜப்பானியரிடமும் பன்னிரு விரல் குடல்தான். சீனத்திலும் இன்று அதே எழுத்துகள். ஹீப்ருவில் பன்னிரண்டிலிருந்தே சொல் செய்தார்கள். ஒரு கிரேக்கர் மேசைமேல் வைத்து அளந்த அளவு, பாதி உலகத்தின் மருத்துவமனைகளில் இன்றும் ஓடுகிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் கை தானாக விரிய வேண்டும். பன்னிரண்டு விரல் என்றால் நம் கணக்கில் என்ன? ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். சேலம் பூக்கடையில் முழம் போடுகிற அம்மாவைக் கேட்டால் இன்றும் சொல்வார். கிரேக்கர்களிடமும் பன்னிரண்டு விரலுக்கு ஒரு சாண் என்றே வாய்பாடு இருந்தது. அவர்கள் சாணுக்கு 'ஸ்பிதமே' என்று தனிச் சொல்லும் வைத்திருந்தார்கள். ஹெரோஃபிலஸ் ஏன் சாண் குடல் என்று சுருக்கமாகச் சொல்லாமல் விரலை எண்ணினார் என்பது வேறு விஷயம். அறுத்த குடல் வழுக்கும். கையை விரித்து வைத்தால் நிற்காது, விரலை ஒட்ட ஒட்ட வைத்துத்தான் அளக்க முடியும் என்று கறிக்கடைக்காரர் விளக்கம் சொல்லக்கூடும்.

நமக்கோ சாண் வயிறு என்ற வழக்கு வாயிலேயே இருக்கிறது. எண்சாண் உடம்பு, ஒரு சாண் வயிறு. "எல்லாம் இந்த ஜாண் வவுத்துக்குத்தான்" என்று சொல்லாத கூலிக்காரர் மலையில் இல்லை, அடிவாரத்திலும் இல்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவரும், மிளகுக்கொடி ஏறுகிறவரும், கீழே குச்சிக்கிழங்கு பிடுங்குகிறவரும் சொல்லும் அதே வார்த்தை. இதைச் சொன்ன முன்னோர் குடலை அறுத்து அளக்கவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கையை விரித்து வைத்து அளந்திருக்கலாம், அதுவும் ஏறக்குறைய ஒரு சாண்தான். பொருத்தம் தற்செயல். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

அளப்பது யாருடைய விரலால் என்பதிலும் நம் மருத்துவ மரபுக்கு ஒரு நுட்பம் உண்டு. எண்சாண் என்பது அவரவர் கையால் எண்சாண், அதாவது அவரவர் விரலால் தொண்ணூற்றாறு. சித்த மருத்துவத்தில் மணிக்கடை நூல் என்று ஒரு முறை இருக்கிறது. நோயாளியின் மணிக்கட்டைச் சுற்றி நூலளவு எடுத்து, அந்த நூலை அவருடைய விரல்களாலேயே அளந்து, எத்தனை விரல் வருகிறது என்பதை வைத்து நோய் சொல்வார்கள். வர்ம ஆசான்களும் தொப்புளுக்கு இத்தனை விரல் மேலே, இத்தனை விரல் பக்கத்திலே என்றுதான் இடம் குறிப்பார்கள். குள்ளனுக்கும் நெட்டைக்கும் ஒரே சென்டிமீட்டர் பொருந்தாது, விரல் பொருந்தும்.

இவ்வளவு விரல் கணக்கு கையில் இருந்தும் டியோடினத்துக்குத் தமிழ் தேடியபோது நாம் விரலையும் எடுக்கவில்லை, சாணையும் எடுக்கவில்லை. மேலை மருத்துவத்தைத் தமிழில் பாடமாக நடத்திய பெரிய முயற்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847-இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. ரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். தமிழ்ச் சொல், சமஸ்கிருதச் சொல், ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் வளைத்தது என எது உதவினாலும் எடுத்துக்கொண்டவர். அந்தத் துணிச்சல் பிறகு கலைச்சொல் குழுக்களிடம் குறைந்துவிட்டது. குழு கூடினால் சொல் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்படும். சிறுகுடல் மூன்று பகுதி. ஆகவே முன்சிறுகுடல், இடைச்சிறுகுடல், பின்சிறுகுடல். தவறு சொல்ல முடியாது. தேர்வில் எழுத வசதி. ஆனால் இடைச்சிறுகுடலுக்கு உள்ள ஜெஜூனம் என்ற லத்தீன் பெயருக்குப் பட்டினி கிடப்பது என்று பொருள். இறந்த உடலை அறுக்கும்போதெல்லாம் அந்தப் பகுதி வெறுமையாக இருந்ததைப் பார்த்து வைத்த பெயர். இரைப்பையின் வாசலான பைலோரஸ் என்பது கிரேக்கத்தில் வாயிற்காவலன். ஸ்டமக் என்ற சொல்லே வாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்து, முதலில் தொண்டைக்குப் பெயராக இருந்து, பிறகு மெல்லக் கீழே இறங்கி இரைப்பையில் நின்றது. முன், இடை, பின் என்ற மூன்றிலும் இந்த மாதிரிக் கதை எதுவும் இல்லை.

இப்போது கிராணிக்கு வருவோம்.

'கிரஹ்' என்ற சமஸ்கிருத வேருக்குப் பிடித்தல் என்று பொருள். சூரியனைப் பிடிப்பது கிரகணம். மணமகள் கையைப் பிடிப்பது பாணிக்கிரகணம். சொன்னதைப் பிடித்துக்கொள்வது கிரகித்தல். ஆயுர்வேத நூல்கள் வயிற்றுக்குள் கிரஹணி என்று ஓர் இடத்தைச் சொல்கின்றன. வேகாத உணவு தங்கும் ஆமாசயத்துக்கும் வெந்த உணவு போய்ச்சேரும் பக்குவாசயத்துக்கும் நடுவில் அது இருக்கிறது. சீரணத் தீயின் இருப்பிடம் அதுதான். உணவைப் பிடித்து வைத்திருந்து, வெந்த பிறகே கீழே விடும். பலம் குறைந்து பிடிப்பு விட்டால் வேகாததும் அப்படியே கீழே போய்விடும். அந்தக் கோளாறுக்கும் கிரஹணி என்றே பெயர்.

தமிழுக்கு வந்தபோது உறுப்பு வழியிலேயே தங்கிவிட்டது, நோய் மட்டும் வந்து சேர்ந்தது. கிரஹணி கிராணி ஆயிற்று: தின்றது ஒட்டாமல், நாள்கணக்கில் கழிந்து, பிள்ளை கரைந்துபோகும் நோய். சித்த மருத்துவம் அதைக் கழிச்சல் வகையோடு வைத்தது. இந்தி அறிவியல் நூல்களோ பழைய உறுப்புப் பொருளைத் தூசி தட்டி எடுத்து, டியோடினத்துக்குக் கிரஹணி என்றே பெயர் வைத்துவிட்டன. டியோடினத்தின் பெயர் ஒன்று நம் கிராமத்து ஆயாக்களின் வாயில் நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. அவர்களுக்கு அது பிள்ளையைக் கொண்டுபோகும் நோயின் பெயர். ஒரு வகையில் அவர்கள் சரியான இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒரு கழிச்சல் நோய் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நீர்போல் கழிவதில் தொடங்கி, வாரக்கணக்கில் நீடித்து, கொழுப்பு செரிக்காமல் போய், நாக்கு புண்ணாகி, ரத்தம் குறைந்து ஆள் உருக்குலைந்துபோகும். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று மருத்துவம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறு குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலின் மேற்பகுதிக்குப் போனதும் உள்தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு வரும். உருப்பெருக்கியில் பார்த்தால், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தேய்ந்திருக்கும். பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை. கிரஹணி என்று பெயர் வைத்தவர் கையில் உருப்பெருக்கி இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அந்த ஒரு சாணில் நடப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோறு அங்கே கூழாகி, வாயிற்காவலனின் அனுமதியோடு சிறிது சிறிதாக வெளியே வரும். வந்த இடத்தில் கணையத்தின் காரநீரும் கல்லீரலின் பித்தநீரும் ஒரே வாசல் வழியாக வந்து கலக்கும். டியோடினத்தின் சுவரிலேயே சுரப்பிகள் இருந்து சளிபோன்ற கார நீரைப் பூசிக்கொள்ளும், இல்லாவிட்டால் அமிலம் அதையே அரித்துவிடும். அமிலம் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்பு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு உள்ளே அமிலம் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் சுரந்தது. சேதி ரத்தத்தில் போகிறது. அந்தத் தூதுப் பொருளுக்கு செக்ரெடின் என்று பெயர் வைத்தார்கள். 1905-இல் இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, தூண்டிவிடுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் புழக்கத்தில் விட்டார். இன்று தைராய்டு, சர்க்கரை, மாதவிடாய் என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த வீடு சிறுகுடலின் இந்த மேல்முனைதான். உணவிலுள்ள இரும்புச்சத்தில் பெரும்பங்கு உடம்பில் ஏறுவதும் இங்கேதான். சாப்பிட்ட கையோடு டீயோ காப்பியோ குடித்தால் அந்த ஏற்றம் குறையும். காப்பி விளைகிற மலையின் அடிவாரத்தில் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று தெரியாது, சொல்லிவைக்கிறேன்.

வலி வந்தால் தமிழ் சும்மா இருப்பதில்லை, பெயர்களைக் கொட்டும். நெஞ்செரிச்சல், நெஞ்சுக்கரிப்பு, எதுக்களிப்பு, புளிச்ச ஏப்பம், உப்புசம். அமிலம் மேலேறி எரிவது உணவுக்குழாய். ஆனால் தமிழரும் ஆங்கிலேயரும் அதை நெஞ்சில் வைத்தே பேசுகிறார்கள். கிரேக்கரோ இரைப்பையின் மேல்வாய்க்கே இதயத்தின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள், இன்றும் அது கார்டியாக் பகுதி. சூலை என்பது ஈட்டியைக் குறிக்கும் சூலத்திலிருந்து வந்த பெயர், குத்தும் வலி. 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசருக்கு வந்தது அதுதான். சமண மடத்து மருத்துவம் கேட்காமல் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தார், பாடினார், தீர்ந்தது என்பது வரலாறு. அந்த முதல் பதிகத்தில் வயிற்றுக்குள் குடல் முறுக்கிக்கொள்வதை அவரே விவரிக்கிறார். அங்கே வருவது குடர் என்ற பழைய வடிவம். அது டியோடினப் புண்ணா, பித்தப்பைக் கல்லா என்று சில மருத்துவர்கள் ஆராய்வதுண்டு. பதிகத்தை ஸ்கேன் அறிக்கைபோல் வாசிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சித்த மருத்துவத்தின் சொல் குன்மம். எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் என்று எட்டு வகை. உடலையும் மனத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் என்று சித்த மருத்துவர்கள் விளக்கம் சொல்வார்கள். சொல் வந்த வழி வேறு. சமஸ்கிருதத்தில் குல்மம் என்றால் புதர், திரள். வயிற்றில் கையால் தொட்டால் தட்டுப்படும் கட்டிக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர் அது, அங்கே ஐந்து வகை. தமிழில் லகரம் னகரமாகி, கட்டி மறைந்து எரிச்சலும் வலியும் முன்னுக்கு வந்தன. ஆனாலும் குன்றுதல் என்ற விளக்கத்தை நான் தள்ள மாட்டேன். சாப்பிடப் பயந்து, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்த ஒருவர்தான் அந்த விளக்கத்தைச் சொல்லியிருக்க முடியும்.

தென்னிந்தியாவில் அப்படிக் கூனி உட்கார்ந்தவர்கள் ஏராளம். எவரெஸ்ட் மலையேற்றத்தில் 1922-இலும் 1924-இலும் போன ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், முதல் பயணம் முடிந்து தெற்கே சுற்றி வந்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, இப்போது கன்னியாகுமரி மாவட்டம். அவர் அறுவை மேசைக்கு வந்தவர்களில் டியோடினப் புண்காரர்கள் அவ்வளவு பேர். 1936-இல் ஓர் என்ற பெயருடைய சக மருத்துவருடன் சேர்ந்து அதைப் பற்றி அறுவை மருத்துவ இதழில் எழுதினார். அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குப் பல ஊர்ச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். மரவள்ளியை நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்ற எலிகளுக்கு வயிற்றுப்புண் அதிகம் வந்தது. பஞ்சாப் சாப்பாடு தின்றவை தப்பித்தன.

நெய்யூரில் மரச்சீனி என்கிற அதே கிழங்குதான் எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கு. சேலத்தில் அது ஜவ்வரிசியாகி லாரி லாரியாக வடக்கே போகிறது. வயிற்றுப்புண்காரருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் இந்த ஊர்தான். குச்சிக்கிழங்குக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிழங்கின் மேல் இருந்த பழியில் பெரும்பங்கு பிறகு வேறொன்றின் தலையில் விழுந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைச் சளிக்குள் வாழும் ஒரு சுருள் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்று 1984-இல் மார்ஷல் அதைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் நோபல் பரிசு. கிருமிக்கு முதலில் வைத்த 'கேம்பிலோபாக்டர் பைலோரிடிஸ்' என்ற பெயரில் லத்தீன் இலக்கணம் பிசகியிருந்தது. 1987-இல் பைலோரி என்று திருத்தினார்கள், 1989-இல் முன்பாதியும் ஹெலிகோபாக்டர் ஆயிற்று. வாயிற்காவலன் மட்டும் பெயரில் நிலைத்தான். ஆனால் இந்தக் கிருமி வட இந்தியாவிலும் நிறைய உண்டு; புண் மட்டும் அரிசி தின்னும் தெற்கில் ஏன் கூடுதலாக இருந்தது என்ற கேள்வி இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நெய்யூரில் கத்தி வைத்துத் தீர்த்ததை இன்று இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லியும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. அல்சர் என்ற சொல் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. குன்மம், சூலை, எதுக்களிப்பு, வாய்வு எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டது. காலையில் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போனால் "அல்சர் வந்துரும்". காரம் தின்றால் அல்சர். பித்தப்பைக் கல் வலியும் அல்சர். மாரடைப்பின் தொடக்கத்தைக்கூட அல்சர் என்று ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு.

டியோடினத்துக்குத் தமிழில் வாக்கு கேட்டால் என் வாக்கு சாண்குடலுக்கு. முன்சிறுகுடல் பாடநூலில் இருந்துவிட்டுப் போகட்டும். சாண்குடல் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பையன் கையை விரித்துப் பார்த்து நீளத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்வான். பாடநூல் எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே போனதும் "அல்சருங்க" என்று தொடங்காதீர்கள், அது அவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது. விரலை வைத்து இடத்தைக் காட்டுங்கள். வெறும் வயிற்றில் வலித்துச் சாப்பிட்டால் அடங்குகிறதா, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா, நடுச்சாமத்தில் எழுப்புகிறதா என்று சொல்லுங்கள். முதலும் மூன்றாவதும் சாண்குடல் புண்ணின் பழைய அடையாளங்கள். மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுபோங்கள், புண்ணுக்குக் கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் அவைதான். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வாந்தியில் காப்பித்தூள் நிறம் தெரிந்தாலோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.